முகம் பார்க்கும் வேலை

அந்தப் பெண் அழைக்கும் நேரம் இரவு பதினொன்றே கால். ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அம்மாவிடம். அம்மாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இரண்டாவது ஷிப்ட். வேலை முடிந்து, மில் வேனில் வந்து இறங்கி, தெருமுனையிலிருந்து நடந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். காலையில் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்குகளை அவள் அப்போதுதான் பார்ப்பாள். பார்த்த கையோடு அழைப்பாள்.

"சார், தூங்கிட்டீங்களா?"

தூங்கியிருக்க மாட்டேன். அது 2020 ஆகஸ்ட். மார்ச் 17ஆம் தேதி மூடிய பள்ளி திறக்கவே இல்லை. நான் வேலை பார்த்த தனியார் பள்ளி ஏப்ரலில் பாதிச் சம்பளம் கொடுத்தது, ஜூனில் அதுவும் நின்றது. பள்ளியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பீஸ் கட்டவேண்டிய அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் மில்லிலும் தறியிலும் தீப்பெட்டியிலும் கூலி வாங்கியவர்கள். ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை முதல் தவணையாக வாங்கிக்கொள்ளலாம் என்றது. வாங்கலாம்தான், கொடுக்கக் கையில் இருக்க வேண்டுமே. அதனால் இரவில் நான் சத்திரப்பட்டியில் ஒரு தகரக் கொட்டகையில் பேண்டேஜ் உருட்டிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கமெல்லாம் காயத்துக்குச் சுற்றும் துணி நெய்யும் ஊர்கள். நாட்டின் எந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டாலும் எங்கள் ஊர்த் துணியாக இருக்கக்கூடும். வெளுத்து வந்த துணியை அளவு பார்த்து வெட்டி, இறுக்கமாக உருட்டி, தாளில் சுற்றி, டஜன் டஜனாக அடுக்க வேண்டும். மூக்குக்குள் பஞ்சு ஏறும். விரல் நுனி வறண்டு, சாக்பீஸ் பிடித்ததுபோலவே வெள்ளையாகிவிடும்.

போன் வந்ததும் எழுந்து வெளியே வருவேன். மேற்கே மலை கறுப்பாக நிற்கும். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்.

"என்ன சார் சத்தம்?" என்று முதல் நாள் கேட்டாள்.

"மழைம்மா," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தறிச் சத்தத்தையும் மழையையும் பிரித்தறியத் தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் பிறப்பதில்லை. ஆனாலும், "சரி சார்" என்றுவிட்டுப் பாடத்துக்கு வந்தாள்.

காரணிப்படுத்தல். எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் ஐந்து எக்ஸ் கூட்டல் ஆறு. அதற்கு முதல் நாள், எல்லாமே கூட்டலாக இருந்த கணக்கை அவளுக்குச் சொல்லியிருந்தேன். பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து வரும்படி இரண்டு எண் கண்டுபிடி, இரண்டும் மூன்றும். அது வந்துவிட்டது. இப்போது நடுவில் கழித்தல் வந்து நிற்கிறது. கரும்பலகை இல்லை, அவள் முகம் எனக்குத் தெரியாது, என் கை அவளுக்குத் தெரியாது. "அவசரப்படாத. நீயே பாரு," என்று சொல்லிவிட்டு இருட்டில் நின்றேன். பென்சில் கீறும் சத்தம். அம்மா தட்டு எடுத்து வைக்கும் சத்தம். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"சார்... ரெண்டு நம்பருமே மைனஸா இருந்தா? கூட்டுனா மைனஸ் அஞ்சு. பெருக்குறப்ப ரெண்டு மைனஸும் சேந்து ப்ளஸ் ஆகிரும்ல?"

நான் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவளே போய் எடுத்து வந்தாள். அந்த 'ல' என்ற இழுப்பில் இருந்த துள்ளல் இன்னும் என் காதில் இருக்கிறது. கொட்டகைக்குத் திரும்பி இன்னும் எட்டு டஜன் உருட்டினேன். கை வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். வலித்தது, ஆனால் அது எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை.

பொருளாதாரம் நொடித்த காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியரை வேலையில் பிடித்து வைத்திருப்பது எது என்ற கேள்விக்கு, நெடுநாள் இந்த இரவைத்தான் பதிலாகச் சொல்லி வந்தேன். நண்பர்களிடம் சொன்னேன். மேடையில் ஒருமுறை சொன்னேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். "அதான் சார் புனிதமான தொழில்ங்கிறது," என்றார்கள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்று எனக்கே புரிபடச் சில வருடங்கள் ஆயின.

'புனிதம்' என்ற சொல் எங்கள் மேல் வைக்கப்படுகிற விதத்தை முதலில் சொல்ல வேண்டும். செப்டம்பர் 5ஆம் தேதி ஒரு ரோஜாப்பூ, ஒரு பேனா, ஒரு சால்வை. கொடுப்பவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. பிள்ளைகள் தங்கள் காசில் வாங்கிவரும் அந்தப் பேனாக்களை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு தொழிலைப் புனிதம் என்று சொல்லிவிட்டால் அதில் கூலி பேசுவது அசிங்கம் என்றாகிவிடுகிறது. கோயில் வாசலில் நின்று விலை பேசுவதுபோல. மில் தொழிலாளி போனஸ் கேட்டால் அது உரிமை. வாத்தியார் சம்பளம் கேட்டால், "பிள்ளைங்க படிப்பு என்னாகுறது?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியை யாரும் வந்து கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. எங்களுக்குள்ளேயே அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்களைக் கட்டிவைக்க அதைவிட நல்ல கயிறு கிடையாது.

கணக்கு வாத்தியார் என்பதால் சில எண்களைச் சொல்லியே ஆக வேண்டும். 2012இல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். கோடை விடுமுறையான மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பிறகு 7,000, 7,700 என்று ஏறி, 10,000 ரூபாயைத் தொட 2021 ஆயிற்று. 2022இல் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது அறிவித்த தொகை இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. அதே பள்ளியில், அதே பத்தாம் வகுப்புக்கு, அதே பாடம் எடுக்கும் நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400. பாடப்புத்தகம் ஒன்று, மணி ஒன்று, பிள்ளைகளும் அவர்களேதான். தனியார் பள்ளிக் கணக்கு எந்த அரசாணையிலும் இல்லை. அது அந்தந்த அலுவலக அறையின் கதவுக்குப் பின்னால் முடிந்துவிடும். சர்டிபிகேட்டை வாங்கிவைத்துக்கொண்டு வேலை கொடுத்த இடங்களையும் எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் இந்த மண்ணில் பள்ளிக்கூடத்துக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமானதல்ல. விருதுநகர் மாவட்டம் பொதுத்தேர்வில் முதலிடம் என்பது, எண்பதுகளில் மாவட்டம் பிரிந்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டுக்குப் பழகிய செய்தி. 2023இல்கூட பிளஸ் டூவில் 97.85 சதவீதத்தோடு முதலாவது. வெளியூர்க்காரர்கள் இதன் ரகசியம் கேட்பார்கள். மலையடிவாரத்தில் கொஞ்சம் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, கண்மாய்ப் பாசனம். அதைத் தாண்டி கிழக்கே போனால் கரிசலும் கருவேலமும். எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் சொல்வது ஒன்றுதான்: "எங்க புள்ளைகளுக்கு நாங்க எழுதிவைக்கக் காணியா இருக்கு? படிப்புத்தான் காணி." அந்தக் காணிக்கு வரப்பு வெட்டி, தண்ணீர் பாய்ச்சி, களை எடுப்பவர்கள் ஆசிரியர்கள். காலை எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஆறு வரை ஸ்பெஷல் கிளாஸ், பரீட்சைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையும். பேப்பரில் வரும் அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு இலக்கமும் யாரோ ஒரு டீச்சர் மெல்லக் கற்கும் பிள்ளைகள் ஐந்து பேரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து இழுத்துவந்தது.

தங்களுடையதைப் பள்ளிக்கும் படிப்புக்கும் கொடுப்பது எங்கள் ஊரில் பழைய வழக்கம். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ராஜபாளையத்தில் இன்றும் அது பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் அவருக்குக் கொடுக்க ஒரு வீடு இருந்தது. வாடகை வீட்டில் இருக்கும் டீச்சரிடம் கொடுக்க என்ன இருக்கிறது? தூக்கமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். அதையும் கொடுத்துவிடுகிறார். கொடுத்தது எந்தக் கல்வெட்டிலும் ஏறாது.

நன்னூலில் பவணந்தியார் ஆசிரியர் ஆகத் தகுதியில்லாதவரைச் சொல்லும் உவமைகளில் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய கலயத்தில் பஞ்சை அடைத்துவைத்தால் எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அப்படிச் சொட்டுச் சொட்டாகப் பாடம் சொல்பவர் ஆசிரியராகார் என்பது கருத்து. பஞ்சோடு பிழைத்த ஊர்க்காரனுக்கு இந்த உவமை மறக்காது. அதே நூல், யாருக்கெல்லாம் பாடம் சொல்லலாம் என்று ஆறு பேரை அடுக்குகிறது. தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், கடைசியாக, உரைகோளாளன். சொன்னதைச் சொன்னபடி வாங்கிக்கொள்ளும் திறம் உள்ளவன். எனக்கு இந்த வரிசை பிடிக்கும். காசு கொடுப்பவனைச் சொல்ல பவணந்தியார் கூச்சப்படவில்லை. அவனையும் பட்டியலில் வைத்தார். உரைகோளாளனையும் வைத்தார். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நாம்தான் பிற்காலத்தில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, நல்லாசிரியன் ஆறாவது ஆளுக்காக மட்டுமே வாழ வேண்டும் என்று ஆக்கிக்கொண்டோம்.

பதினொன்றே காலுக்கு அழைத்தவள் உரைகோளாளி. சந்தேகமே இல்லை. ஆசிரியரை நகரவிடாமல் வைத்திருப்பது அப்படிப்பட்ட ஒரு நொடிதான் என்பதை இன்றும் நான் மறுக்க மாட்டேன். ஒரு முகத்தில் விளக்கு எரிவதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர் அதை மறுபடி பார்க்க எவ்வளவு தூரமும் நடப்பார். இதில் தியாகம் என்று ஒன்றும் இல்லை, பார்க்கப்போனால் அது எங்களுடைய ஆசை. வேட்டைக்காரனுக்குக் காடு எப்படியோ, அப்படி. 2021 பிப்ரவரி 25 அன்று, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பரீட்சை இல்லாமலே தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்து இரண்டரை வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் வகுப்பு ஒரே கும்மாளம். மணி அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். அவள் மட்டும் நோட்டோடு நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"சார், பாஸ் போட்டாங்க, சரி. அந்தப் பாடம் பாதில நிக்குதே?"

பரீட்சை அவளுக்கு இல்லை, முழுச் சம்பளம் எனக்கு இன்னும் வரவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து பாடத்தை முடித்தோம். எழுந்து போகும்போது, தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "சார், இப்பவும் தறிக்குப் போறீங்களா?" அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவையும் சொல்லித்தான் நான் கைதட்டு வாங்கினேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பேர்.

இரவில் அழைத்தவள் ஒருத்தி. மற்ற நாற்பத்தொரு பேர் என்ன ஆனார்கள்? கணக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்ததா என்று பார்த்தேன். விழாதவர்களைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். பட்டியல்கூட எழுதினேன், பேண்டேஜ் சுற்றும் தாளின் பின்பக்கத்தில். நாலு பேரைக் கூப்பிட்டேன். அதற்குள் கொட்டகைக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் இரண்டு பேர். அதற்கடுத்த வாரம் வாடகை. பட்டியல் சட்டைப்பையிலேயே வேர்வையில் ஊறிக் கிழிந்தது. பள்ளி திறந்தபோது பையன்களில் மூன்று பேர் வரவில்லை. ஒருவன் பேக்கரியில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்னொருவன் திருப்பூரில் என்றார்கள். அந்த மூன்று பெயரும் என் பட்டியலில் இருந்தன, நான் கூப்பிடாத பக்கத்தில்.

அதற்கு முன்பும் ஒன்று நடந்தது. 2017. நகைக்கடனுக்கு ஏல நோட்டீஸ் வந்திருந்த வாரம். மனைவியின் சங்கிலி. எட்டாம் வகுப்பில் முழு எண்கள் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "சார், மைனஸும் மைனஸும் பெருக்குனா எப்படி சார் ப்ளஸ்ஸு வரும்?" என்றான். அருமையான கேள்வி. அதைக் கேட்கத் தோன்றும் பிள்ளை வருடத்துக்கு ஒருவன் வந்தால் அதிகம். கடன், கடனைக் கழித்தல் என்று சொல்லியே அவனுக்கு விளக்கியிருக்கலாம். அன்றைக்கு என்னைவிட அந்த உதாரணம் தெரிந்தவர் யார்? என் தலைக்குள் ஒரே ஒரு கழித்தல்தான் ஓடிக்கொண்டிருந்தது: வட்டி போக அசல் எவ்வளவு. "அது ரூல்டா. எழுதிக்கோ," என்றேன். அவன் எழுதிக்கொண்டான். பிறகு என் வகுப்பில் அவன் எதையும் கேட்டதில்லை. மூன்று வருடம் கழித்து அந்தப் பெண் அதே இடத்தைத் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னபோது இருட்டில் என் தொண்டை அடைத்ததற்குச் சந்தோஷம் மட்டும் காரணமில்லை.

2013இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளைப் பற்றியது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஷாவ் ஆகியோர் செய்தது. கரும்புக்குப் பணம் அறுவடையோடு ஒரு தடவைதான் வரும். அறுவடைக்கு முன்னால் கை வறண்டு, நகை அடகுக்குப் போயிருக்கும். அறுவடைக்குப் பின் மூச்சு வரும். 464 விவசாயிகளிடம் இந்த இரண்டு காலத்திலும் யோசனைத் திறனைப் பார்க்கும் சோதனைகளை நடத்தினார்கள். அதே மனிதர், அறுவடைக்கு முன்னால் மந்தமாகச் செய்ததை அறுவடைக்குப் பின் நன்றாகச் செய்தார். அவருடைய அறிவு கூடிவிடவில்லை. பணத்தைப் பற்றிய கவலை உட்கார்ந்திருந்த இடம் காலியாயிற்று, அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்கு 2017இன் அந்த மூன்றாவது பெஞ்ச் கண்முன் வந்தது. அன்று எனக்குப் பிள்ளைகள்மேல் பிரியம் குறைந்திருக்கவில்லை. வகுப்புக்கு நேரத்துக்குப் போனேன், தொண்டை வறளப் பேசினேன். முகம் மட்டும் தெரியவில்லை.

ஆசிரியர் வேலை என்பது முக்கால்வாசி முகம் பார்ப்பதுதான். பாடம் புத்தகத்தில் இருக்கிறது, இப்போது போனிலும் இருக்கிறது. புரியாமலே தலையாட்டும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது, காலையில் சாப்பிடாமல் வந்தவனைக் கண்டுபிடிப்பது, இரண்டு நாளாகச் சிரிக்காதவளைக் கண்டுபிடிப்பது, இவற்றுக்குத்தான் ஆள் வேண்டும். அதற்கு அந்த ஆளின் கண் வகுப்பறைக்குள் இருக்க வேண்டும், அடகுக்கடையில் இருக்கக் கூடாது. பற்றாக்குறை வந்தால் ஆசிரியரின் ஆசை செத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஆசிரியரைத் தெரியாது. ஆசை அப்படியே இருக்கும். அது எட்டும் தூரம் குறையும். நாற்பத்திரண்டு முகங்கள் வரை எட்டிய கை முதல் பெஞ்ச் வரை சுருங்கும், பிறகு இரவில் அழைக்கும் ஒரே ஒருத்தி வரை சுருங்கும். அந்த ஒருத்தியை வைத்து நாம் கதை சொல்லிக்கொள்கிறோம். நெகிழ்ந்துபோகிறோம். நான் சொன்ன கதையும் அதுதான். இக்கட்டில் ஜொலித்த ஆசிரியர் என்று நாம் கொண்டாடும் ஒவ்வொரு கதையிலும், அந்த வெளிச்சம் போய்ச் சேராத பெஞ்சுகளின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கு எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு எழுபது வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. விருதுநகரில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட காமராஜர், பள்ளிப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, படிப்பின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை என்று பிரசங்கம் செய்யவில்லை. பசி என்று புரிந்துகொண்டு 1956இல் மதிய உணவு போட்டார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. பசித்த பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்பதை ஒரு மாநிலமே ஒப்புக்கொண்டு, கட்சி வித்தியாசம் இல்லாமல் உலை வைத்தது. அந்தச் சோற்றைப் பிள்ளைக்குத் தரும் ஊக்கத்தொகை என்று யாரும் சொல்வதில்லை. பாடத்தைக் கவனிக்க முடியும்படி வயிற்றைக் காலி இல்லாமல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதே வகுப்பறையில் இன்னொரு ஆளும் நிற்கிறார், சாக்பீஸ் பிடித்துக்கொண்டு. அவருக்கும் கவனம் என்ற ஒன்று தேவை, அது எங்கிருந்து வரும் என்று மட்டும் நாம் அதே தெளிவோடு யோசிக்கவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தால் உற்சாகம் வரும், கொடுக்காவிட்டால் வராது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

போராடுகிற ஆசிரியரையும் இதனால்தான் நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. வந்தபோதும் பணமாக வராமல் சீட்டாக வந்தது. அவர்கள் வகுப்பை நிறுத்தவில்லை, பசித்து வந்த பிள்ளைகளுக்குத் தங்கள் கையிலிருந்து சோறும் போட்டார்கள். 1933 ஏப்ரலில் அதே ஆசிரியர்கள் கூட்டமாக வங்கிகளுக்குள் நுழைந்து கூச்சலிட்டார்கள். இங்கே 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியருமாகச் சுமார் 1.7 லட்சம் பேர் வேலைநிறுத்தத்துக்காக ஒரே அடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள். திரும்பியவர்கள் அடுத்த மார்ச்சில் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்தார்கள். சோறு போட்டதும் வங்கிக்குள் நுழைந்ததும் ஒரே ஆள். மற்ற நாற்பத்தொரு முகங்களையும் பார்க்க வேண்டும் என்கிற தவிப்பு வகுப்பறைக்குள் ஒரு வேலையைச் செய்கிறது, தெருவில் இன்னொரு வேலையைச் செய்கிறது.

நான் இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறேன். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, பெரிய தொகை இல்லை. பேண்டேஜ் கொட்டகைக்குப் போவதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்ச் வரை நடந்து போகிறேன், இதை ஒரு சாதனையாகவே சொல்கிறேன். அங்கே போய் நின்றால் முன்னால் நின்று பார்த்தபோது தெரியாத நோட்டுகள் தெரிகின்றன.

சென்ற மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பழைய பள்ளியில் கூட வேலை பார்த்த தமிழ் டீச்சரைப் பார்த்தேன். திருவில்லிபுத்தூர்க்காரர், தேரடிப் பக்கம் வீடு. 2020இல் கோயில் அடைத்து, ஆடிப்பூரத் தேர் வீதிக்கு வராமல் போன வருடம், பால்கோவா அடுப்படியில் கிண்டும் வேலையில் இருந்த அவர் வீட்டுக்காரருக்கும் வேலை போயிற்று. அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது ஒரு பள்ளியில் தற்காலிகமாக இருக்கிறார், அந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஊர். மதுரை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவர் ஏறவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸுக்காக சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சார். இங்க பாருங்க," என்று ஒரு தாளை நீட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பையன். எழுத்து கோணல்மாணல். ஆண்டாளைப் பற்றிய கேள்விக்கு, புத்தகத்தில் இருப்பதை விட்டுவிட்டு, மார்கழிக் காலையில் தன் பாட்டி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே பாடுவதை எழுதியிருந்தான். "போன பரீட்சைல ஒரு வரி எழுதல சார் இவன். முழுசா வெறுந்தாள். இப்பப் பாருங்க." அந்தத் தாளை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுப் படித்தார். பிறகு ஓரத்தில் மூன்று வரி எழுதினார், மதிப்பெண்ணை அதற்குக் கீழே போட்டார்.

அதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது. அவர் அவசரமாகத் தாள்களைச் சேர்த்து நூல் சுற்றி ஒயர் கூடையில் வைத்தார். இரவு வீட்டில் திருத்துவீர்களா என்று கேட்டேன்.

"எங்க சார். போனதும் டியூஷன் புள்ளைங்க வந்துரும். அப்புறம் மாவு பாக்கெட் போடணும், காலைல நாலு கடைக்குக் கொடுக்குறேன்."

ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்து கை அசைத்தார். திருத்தியது ஒன்பது தாள். கூடைக்குள் மீதி முப்பத்துமூன்று.